வசந்த மண்டபத்துக் கதவைச் செய்தவள்

புத்தூரில் வந்து ஜெயகௌரி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். கோபிசங்கரின் தங்கச்சி என்றால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். இத்தனைக்கும் அவள் ஊருக்குப் புதியவள் அல்ல. அங்கேயே பிறந்து, அங்கேயே நாற்பது வயதைத் தாண்டியவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் அதே கதிரையில்தான் இருக்கிறாள். கல்யாணக் காட், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக் காட், செத்தவர்களின் நினைவாக அடிக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டு என்று வலிகாமத்தில் பாதிப் பேரின் பெயர்களைக் கொம்பியூட்டரில் அழகாக அடுக்கிக் கொடுத்தவள் அவள். தன் பெயரை ஊர் வாயில் ஏற்றத்தான் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒருமுறை தன் கல்யாணக் காட்டையும் அவளே அடித்தாள். மாப்பிள்ளை சுவிஸில். மூலையில் மஞ்சள் பூசி, முதல் காட்டைக் கோயிலில் வைத்து எடுத்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள். ஏன் எதற்கு என்று கேட்டுக் களைத்ததுதான் மிச்சம். அதன் பிறகு ஊர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டது. "கோபியின்ரை தங்கச்சி, பாவம்" என்பார்கள். அந்தப் 'பாவம்' காதில் விழுந்தால் அவளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரியும்.

அண்ணன் கோபிசங்கரைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், கொட்டுகிற மழையில், தங்கச்சியைச் சைக்கிள் பாரில் இருத்திச் சாவகச்சேரி வரை உருட்டிக்கொண்டு போனவன். தாயும் தகப்பனும் போன பிறகு தோட்டத்தைக் கையில் எடுத்து, வெங்காயமும் புகையிலையும் போட்டு அவளைப் படிப்பித்தவன். கல்யாணம் முடித்துக் கீர்த்திகாவைக் கூட்டிவந்த அன்றே, "என்ரை தங்கச்சி எப்பவும் இந்த வீட்டிலைதான் இருப்பாள்" என்று அவளுக்குச் சொல்லிவைத்தவன். நல்லவன்தான். நாலு பேர் நடுவில் தன் தலை கொஞ்சம் உயரத் தெரியவேண்டும் என்ற ஆசை ஒன்று மட்டும் அவனிடம் இருந்தது. ஜெயகௌரி அதை ஒரு குறையாகவே எடுத்ததில்லை. ஆம்பிளைக்கு அந்த ஆசைகூட இல்லாவிட்டால் எப்படி என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்த கையோடு அவள் ஒரு மிசின் வாங்கினாள். மரத்தில் உருவம் செதுக்குகிற மிசின். பெட்டிகளில் துண்டு துண்டாக வந்ததை, வீடியோவைப் பார்த்துப் பார்த்து, முந்தி புகையிலை போட்டுவைத்த கொட்டிலுக்குள் அவளே பொருத்திப் பூட்டினாள். அண்ணன் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கரன்ட் எடுத்துக் கொடுத்தான். "தையல் மிசின் வாங்கினாலும் நாலு சட்டை தைக்கலாம்" என்று அண்ணி கீர்த்திகா முணுமுணுத்ததோடு சரி. மிசினின் மேசை ஒரு தலையணை அளவுதான். அதன்மேல் முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் ஓடுகிற ஒரு தலை. அந்தத் தலையில் விர்ரென்று சுற்றுகிற ஒரு கூர். கொம்பியூட்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு படம் கீறிக் கொடுத்தால், வெள்ளை உள்ள இடத்தை மேடாக விட்டு, கறுப்பு உள்ள இடத்தைப் பள்ளமாகத் தோண்டும். ஆகவே எல்லாம் அந்தச் சாம்பல் படத்தில்தான் இருக்கிறது. கன்னம் எவ்வளவு வெளுப்பு, கண்ணின் குழி எவ்வளவு கறுப்பு என்று தெரியாவிட்டால் முகம் வராது, மரத்தில் ஒரு வீக்கம்தான் வரும். படத்தை வலையில் இறக்கிக்கொண்டு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் ஒவ்வொன்றையும் தானே கீறினாள். அச்சகத்தில் இத்தனை வருடம் கண்ணை வைத்துப் பழகியது அதற்குத்தான் உதவியது.

முதன்முதல் ஒழுங்காக வந்தது ஒரு பிள்ளையார். வீட்டு வாசல் நிலைக்கு மேல் அடிக்க என்று செய்தாள். தூசியைத் தட்டி, எண்ணெய் பூசிக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணி வாயில் கை வைத்தாள்.

"மச்சாள், தும்பிக்கை வலப்பக்கமாப் போகுது. உவர் வலம்புரிப் பிள்ளையார்."

ஜெயகௌரிக்கு அப்போதுதான் உறைத்தது. படம் கீறும்போது முகம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க இடம் வலம் மாற்றிப் பார்ப்பது அவள் வழக்கம். மாற்றியதை மறுபடி மாற்ற மறந்துவிட்டாள்.

"வீட்டிலை வைச்சால் நேரம் தவறாமல் பூசை செய்யவேணும்" என்றாள் அண்ணி. "மச்சம் காய்ச்சேலாது. ஒரு பிழை விட்டாலும் வீட்டுக்குக் கூடாது."

மீன் இல்லாமல் சோறு இறங்காத கோபிசங்கருக்கு இதைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. பிள்ளையாரை எறியவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது. வெள்ளைத் துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்து, ஊர் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். கோயில் சபைத் தலைவர் கனகசபாபதி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆர் செய்தது என்று கேட்டாராம்.

"வீட்டிலை செய்தது எண்டு சொன்னன்" என்று அண்ணன் வந்து சொன்னான்.

வீட்டில் செய்ததுதான். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தக் கதையில் முதல் சறுக்கல் அதுதான் என்று பின்னாளில் ஜெயகௌரி நினைத்துக்கொண்டாள். 'என்ரை தங்கச்சி செய்தது' என்று சொல்லவும் அதே அளவு மூச்சுத்தானே போகும்.

அந்தப் பிள்ளையாரைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான், கோயில் கும்பாபிசேகத்துக்கு வசந்த மண்டபக் கதவையும் அப்படிச் செய்யலாம் என்று சபை முடிவெடுத்தது. எட்டுப் பலகை, எட்டு லட்சுமி. கோபிசங்கர் ஓடிவந்து சொன்னபோது ஜெயகௌரி விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தாள். அச்சக வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரத்தில் செய்யவேண்டும், மாதக்கணக்கில் எடுக்கும். அவள் கூலி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அண்ணை, கும்பாபிசேகத்தண்டு வேலை செய்த ஆக்களைக் கூப்பிட்டு மரியாதை செய்வினமெல்லே. அதிலை மைக்கிலை என்ரை பேரைச் சொல்லச் சொல்லுவியளோ?"

"இதென்ன கேள்வி? நீ செய்யிறாய், உன்ரை பேரைச் சொல்லாமல் ஆற்றை பேரைச் சொல்லுறது? நானே கனகசபாபதியரிட்டைச் சொல்லுறன். ஜெயகௌரி எண்டு முழுப்பேரும் சொல்லச் சொல்லுறன்."

அவளுக்கு அது போதும். பரிவட்டம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்த வீதியில், அத்தனை சனத்துக்கு நடுவில், பாவம் என்ற சொல் சேராமல் தன் பெயர் ஒருமுறை ஒலிக்கவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

தேக்குப் பலகை வந்தது. பெரிய கூரால் முதலில் மரத்தைத் தோண்டி எடுத்து, பிறகு ஊசி போன்ற சின்னக் கூரால் இழை இழையாக வருடவேண்டும். ஒரு முகத்துக்கே ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். நடுவில் கரன்ட் நின்றால் மிசின் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆகவே கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பாள். கஜலட்சுமியின் யானைக்குக் காது வரும் நேரத்தில் ஒருநாள் கரன்ட் போய், பலகை பாழாயிற்று. ஒட்டுப்போட்டு மறைக்கலாம் என்று அண்ணன் சொன்னான். ஆருக்குத் தெரியப்போகிறது என்றான். "அம்மாளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் புதுப் பலகை எடுத்து முதலில் இருந்து தொடங்கினாள்.

முகங்களை அவள் எங்கேயும் தேடிப் போகவில்லை. தானியலட்சுமிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்க வரும் பெண்ணின் அகலமான கன்னம். வீரலட்சுமிக்கு அச்சகத்துக்குப் பக்கத்துக் கடைக்காரியின் முறைப்பு. சந்தானலட்சுமியின் மடியில் இருக்கும் குழந்தைக்கு அண்ணனின் மகள் நிவேதனாவின் முகம். ஏழு வயதுக்காரி, மாமி ஜெயகௌரியின் வாங்குப் பலகையில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, தன் மூக்கு மரத்தில் வருவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாதத்தில் வீட்டுக்கு விலக்கான நாட்களில் அவள் கொட்டில் வாசலையே மிதிக்கவில்லை. சாமிப் பலகைகளை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு விலகி இருந்தாள். அவளுக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. கோயிலுக்குப் போகிற பொருள். ஒருவர் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்ற பிடிவாதம். நாள் போகிறது, ஆருக்குத் தெரியப்போகுது, போய்ச் செய் என்று அவசரப்படுத்தியவன் அண்ணன்தான். அவள்தான் மாட்டேன் என்றாள்.

பலகைகளை வந்து ஏற்றிப்போய்க் கதவில் பொருத்தியவர் தச்சுவேலை தம்பிஐயா. கொட்டிலுக்கு வந்து, அவள் முடிக்கும் வரை காத்திருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர். "வடிவா வந்திருக்கு பிள்ளை" என்று ஒவ்வொருமுறையும் சொல்வார். ஆகவே ஆர் செய்தது என்று அவருக்கு ஐயம் இருக்க வழியில்லை.

கும்பாபிசேகத்துக்கு அவள் கடுகு நிறத்தில் ஒரு சேலை எடுத்தாள். அதற்கென்று அச்சகத்தில் லீவும் எடுத்தாள். கலசத்துக்குத் தண்ணீர் வார்த்து, சனம் அரோகரா போட்டு முடித்து, ஐயர்மார் இறங்கிவந்த பிறகு மைக்கில் கூப்பிடத் தொடங்கினார்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூசியவர், விக்கிரகத்துக்குக் கவசம் செய்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர். அவள் பெண்கள் பக்கத்தில் முன் வரிசைக்கு வந்து நின்றாள். கூப்பிட்டதும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று சேலைக் கொய்யக மடிப்பைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"அடுத்ததாக, வசந்த மண்டபத்தின் அழகிய திருக்கதவைத் தன் கையாலேயே செதுக்கி உபயமாக வழங்கிய அடியார், கோபிசங்கர் அவர்கள்."

ஏதோ பிழைவிட்டு வாசிக்கிறார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அண்ணன் போய்த் திருத்துவான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் போனான். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, குனிந்து தலையைக் கொடுத்தான். ஐயர் பரிவட்டப் பட்டைக் கட்டினார். மைக் அவன் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் திரும்பவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி ஜெயகௌரியின் தோளைத் தட்டி, "கொண்ணை கெட்டிக்காரன், என்ன" என்றாள். அவள் ஓம் என்றாள். அந்த ஓம் அவள் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று அண்ணன் அவள் கண்ணில் படவில்லை. கோயிலில் அன்னதானம், அலுவல் என்று அங்கேயே நின்றுவிட்டான். மறுநாள் காலையில் அவள் நேரே தம்பிஐயாவின் பட்டறைக்குப் போனாள். அவர் அவளைக் கண்டதும் கையில் இருந்த சீவுளியைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தார். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"என்ன நடந்தது ஐயா?"

"கும்பாபிசேகத்துக்கு முதல் கிழமை சபைக் கூட்டம் பிள்ளை. கதவு செய்தது ஒரு பொம்பிளை எண்டு ஆரோ கனகசபாபதியற்றை காதிலை போட்டிட்டினம். அவர் துள்ளத் தொடங்கீட்டார். பொம்பிளை எண்டால் அந்த நாளிலையும் தொட்டிருப்பாள், கதவைக் கழட்டுங்கோ எண்டார். கொண்ணை எழும்பி, நான்தான் செய்தனான் எண்டு சொல்லீட்டான்."

"பிறகு?"

"அவர் அப்பவும் விடேல்லை. கற்பூரம் கொளுத்திச் சொல்லு எண்டார். கொண்ணை வெத்திலையிலை கற்பூரத்தை வைச்சு, அது கையிலை எரிய எரியச் சொன்னவன். இந்தக் கதவிலை என்ரை தங்கச்சியின்ரை கை படேல்லை எண்டு."

ஜெயகௌரி பக்கத்தில் கிடந்த மரக்குற்றியில் குந்தினாள்.

"நீங்கள் அதிலை நிண்டனீங்களோ?"

"நிண்டனான்."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"நான் பொய் சொல்லேல்லை பிள்ளை" என்றார் தம்பிஐயா. "நான் ஒண்டுமே சொல்லேல்லை. எனக்கும் கோயிலிலை இன்னும் வேலை கிடக்கெல்லே."

அண்ணனோடு அவள் அன்று மத்தியானம் கதைத்தாள். கத்தவில்லை. கத்துகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையில் கை கழுவிக்கொண்டே காரணம் சொன்னான்.

"கதவைக் கழட்டிப் போடப் பாத்தினம் பிள்ளை. நீ பட்ட பாடெல்லாம் வீணாப் போகும் எண்டுதான் சொன்னனான். கதவு அங்கை நிக்குதெல்லே. ஆர் பேரிலை நிண்டால் என்ன, வீட்டுக்குத்தானே பெருமை."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டால் நீ ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டாய்."

"அந்த நாளிலை நான் கொட்டில் பக்கமே போகேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம்."

"அதை ஆர் நம்பப் போகினம்?"

அதை அவன் சொல்லியாவது இருக்கலாம். மற்றவர்கள் நம்பாவிட்டாலும் போகிறது. அவள் ஒழுங்காய் இருந்ததற்கு உலகத்தில் ஒரேயொரு சாட்சி அவன்தான். அந்தச் சாட்சியே கற்பூரம் கொளுத்தி அவளை அழித்துவிட்டது. அதைவிடப் பெரிய கொடுமை இன்னொன்று இருந்தது. இனி அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், அண்ணன் அம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்திப் பொய்ச்சத்தியம் செய்தவன் என்று ஊர் அறியும். அந்த ஊரில் அதற்குப் பிறகு அவனுக்கு முகம் இல்லை. நாளைக்கு நிவேதனாவுக்கு ஒரு சம்பந்தம் பேசவும் ஆள் வராது. அண்ணனுக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தானோ, தெரியாமல் செய்தானோ, அவளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனவன் இவன்தானா என்று அவள் அன்று இரவு அடுப்படியில் நின்று அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு பொரியலை இறக்கினாள்.

அதற்குப் பிறகு கொட்டிலை அவள் திறக்கவில்லை.

கும்பாபிசேகம் முடிந்து மண்டலாபிசேகம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நிவேதனாவுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்தநாள் முதுகில் இரண்டு கொப்புளம், அதற்கடுத்த நாள் உடம்பெல்லாம். கொப்புளிப்பான். டாக்குத்தர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, தானாக மாறும், சொறியவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பூசுகிற மருந்து கொடுத்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை வருத்தம் என்று மட்டும் ஆர் சொல்கிறார்கள்? அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டி, பிள்ளையை வேப்பிலையில் படுக்கவைத்து, சட்டியில் கறி தாளிக்காமல் இருப்பார்கள். எந்த அம்மாளுக்கு முன்னால் கோபிசங்கர் கற்பூரம் கொளுத்தினானோ, அதே அம்மாள் அவன் மகளின் உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள்.

அவனுக்கு உயிர் போய்விட்டது. சோறு இறங்கவில்லை. பிள்ளை அனுங்கும் ஒவ்வொருமுறையும் எழும்பி முற்றத்துக்குப் போய் நிற்பான். பெண்டாட்டிக்குக் கற்பூரம் கொளுத்திய விசயம் தெரியாது. அவளிடம் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் தங்கச்சியிடம்தான் வந்தான். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்து, அவளுடைய மனம் ஒரு கணம் இளகியும் விட்டது.

"கௌரி, எனக்கு நீ ஒரு உதவி செய்யவேணும்."

"என்ன?"

"நீ ஒருக்கா வந்து கற்பூரம் கொளுத்து."

அவளுக்கு விளங்கவில்லை.

"கதவு அண்ணைதான் செய்தவர், நான் தொடேல்லை எண்டு நீயும் அம்மாளுக்குச் சொல்லு. நீ சொல்லிப்போட்டால் பிறகு அது பொய் இல்லையெல்லே. உரிமைக்காரியே விட்டுக்கொடுத்த மாதிரி. அம்மாள் கோவத்தை விட்டிடுவா. பிள்ளைக்காகத்தான் கேக்கிறன்."

ஜெயகௌரி கையில் இருந்த உடுப்பைப் பிழிந்தாள். பிழிந்ததையே இன்னொருமுறை பிழிந்தாள். உண்மையைப் போய்ச் சபையில் சொல்லி அம்மாளிடம் மன்னிப்புக் கேட்போம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் பொய்யை உண்மையாக்கித் தரும்படி, அதையும் அவள் வாயாலேயே ஆக்கித் தரும்படி கேட்க வந்திருக்கிறான். களவு கொடுத்தவளிடம் வந்து ரசீதும் கேட்கிறான். அவனை அப்படியே கிணற்றுக்குள் தள்ளலாம்போல் அவளுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே பிள்ளை, "மாமி, உடம்பெல்லாம் கடிக்குது" என்று அழுதாள்.

அவளுக்குப் பொய்ச்சத்தியத்தால் அம்மாள் வருத்தம் வரும் என்ற நம்பிக்கை இருந்ததா? டாக்குத்தர் சொன்னது அவளுக்கும் தெரியும். ஆனால் தெரிவது ஒன்று, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது இன்னொன்று. இல்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்? கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் ஓம் என்றாள்.

அம்மாள் வந்த வீட்டுக்காரர் கோயிலுக்குள் போகக்கூடாது. ஆகவே மத்தியானப் பூசை முடிந்து, கோயில் பூட்டி, சனம் இல்லாத நேரத்தில் இருவரும் வெளிவீதியில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் அவள் செய்த கதவு தெரியாது. தேங்காய் உடைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அண்ணன் வெற்றிலையை நீட்டினான். கற்பூரத்தை அவனே பற்றவைத்தான். கை சுட்டது.

"கதவு அண்ணைதான் செய்தவர்" என்றாள் ஜெயகௌரி. "நான் தொடேல்லை. பிள்ளையைச் சுகமாக்கிவிடு அம்மா."

கற்பூரம் அணைந்ததும் அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கம் இருக்கும், ஒரு துளி கண்ணீராவது இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு சிரித்தான். பெரிய சுமையை இறக்கிவைத்தவனின் சிரிப்பு. பொய்ச்சத்தியத்தைக்கூட மன்னித்திருப்பாள், அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை.

பிள்ளைக்குச் சுகமாயிற்று. டாக்குத்தர் சொன்னபடிதான், அவர் சொன்ன நாளில்தான். வேப்பிலை போட்ட தண்ணீர் வார்த்து, பொங்கிப் படைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார்கள். கனகசபாபதியும் வந்து முன்விறாந்தையில் இருந்தார். அண்ணன் அவருக்கு, தேக்கு மரத்தின் நாருக்குக் குறுக்கே கூரை ஓட்டினால் எப்படிச் சிலும்பும், முகத்துக்கு ஏன் சின்னக் கூர் வேண்டும் என்றெல்லாம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். எல்லாம் ஜெயகௌரி சாப்பாட்டு நேரங்களில் அவனுக்குச் சொன்னவை. அவள் சொன்ன சொற்களே மாறாமல் அவன் வாயிலிருந்து வந்தன. சத்தியம் செய்தபோது பொய் சொன்னவன், இப்போது பொய் சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல் கதைத்தான்.

"பிள்ளைக்கு என்னமாதிரிச் சுகமாக்கினவ எண்டு பாத்தியளே?" என்றான் கனகசபாபதியிடம். "அம்மாள் என்ரை கதவை ஏத்துக்கொண்டிட்டா. அதுதான் அத்தாட்சி."

நிவேதனா தகப்பனின் மடியில் சாய்ந்திருந்தாள். "அந்தக் கதவிலை என்ரை மூக்கு இருக்கு" என்றாள் கனகசபாபதியிடம். அவர் சிரித்து, "அப்பிடியோ, ஆர் செய்தது?" என்று கேட்டார். பிள்ளை தகப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா" என்றாள்.

தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்ற ஜெயகௌரி தட்டைக் கீழே போடவில்லை. ஒவ்வொருவருக்கும் நீட்டினாள். பிள்ளையிடம் வந்தபோது மட்டும் அவளால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பிள்ளைக்காகத்தான் தன் வாயால் தன்னையே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். பிள்ளையில் பிழையில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. அந்த நினைப்பும் ஆறுதலாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு சரியாக ஒரு மாதமும் இராது. காலையில் அவள் அச்சகத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, அண்ணன் உற்சாகமாக வந்து நின்றான்.

"கௌரி, சபையாலை கேட்டிருக்கினம். நவராத்திரிக்கு முதல் மூலஸ்தானக் கதவும் செய்யட்டாம். நடுவிலை அம்மாள், சுத்திவரத் தாமரை. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பலகை நாளைக்கு வருது."

அவள் உள்ளே போனாள். ஆணியில் கொழுவியிருந்த சாவியை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"கொட்டில் திறப்பு."

"எனக்கு என்னத்துக்கு?"

"நீங்கள்தானே கதவு செய்யிறனீங்கள். போய்ச் செய்யுங்கோ."

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"விளையாடாதை பிள்ளை. அதை எதிலை தட்டி ஓடவைக்கிறதெண்டே எனக்குத் தெரியாது. நான் சபைக்கு என்ன சொல்லுறது? கனகசபாபதியர் வந்து நிண்டு பாக்கப் போறன் எண்டு வேறை சொன்னவர்."

ஜெயகௌரி கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது அண்ணை. நான் அதைத் தொடேல்லை எண்டு கற்பூரம் கொளுத்திச் சொல்லிப்போட்டன். ஏலாட்டி அம்மாளைக் கேளுங்கோ. அவதானே உங்கடை கதவை ஏத்துக்கொண்டவ."

சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.